டவர் அண்ணாச்சியின் கழுத்து

உலகத்தில் எத்தனையோ பஸ்கள், எத்தனையோ கண்டக்டர்கள். தன் பஸ்ஸின் கூரையைவிட உயரமான கண்டக்டர் எங்கள் டவர் அண்ணாச்சி ஒருவர்தான். அவர் ஆறரை அடி. கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் பக்கத்துக் கிராமங்களைச் சுற்றிக்கொண்டு போகும் அந்த மினிபஸ்ஸின் உள்கூரை ஆறடிக்கும் குறைவு. மிச்ச உயரத்தை அவர் கழுத்தை மடக்கிச் சரிக்கட்டிக்கொண்டார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பதினெட்டு வருஷம்.

அந்த வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்த நான் தினமும் அதில்தான் போய் வந்தேன். அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. செல்போன் வந்த புதிதில் யாரோ வைத்த பெயர் டவர். "டவரு இருக்காவளா?" என்று கேட்டுவிட்டுத்தான் பெண்கள் ஏறுவார்கள். தரையில் நின்றபடியே மிளகாய் மூடையை பஸ் மேலே வைக்க வேறு யாரால் முடியும்?

தலை எப்போதும் கவிழ்ந்தே இருந்ததால் அவர் யார் முகத்தையும் பார்த்து டிக்கெட் கொடுத்ததில்லை. செருப்பைப் பார்த்துத்தான் கொடுப்பார். பச்சை வார் என்றால் காலனிக்குப் பாதை பிரிகிற விலக்கு, தைத்த ரப்பர் என்றால் கடைசி ஸ்டாப். ஒருநாள் நான் புதுச் செருப்போடு ஏறினேன்.

"சாருக்கு எங்கன போணும்?"

"அண்ணாச்சி, நாந்தான்."

"அப்ப, சொல்லிட்டுல்லா செருப்ப மாத்தணும்" என்றார்.

கோவில்பட்டி ஹாக்கி ஊர். காலேஜில் விளையாடினேன் என்று ஒருவர் சொன்னால், என்ன விளையாட்டு என்று இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். ஃபார்வர்டா, கோல்கீப்பரா என்றுதான் கேட்பார்கள். அண்ணாச்சி "பாஸ்கெட்பால்" என்பார். கேட்டவர் முகம் துக்கம் விசாரிக்க வந்தவர் முகம்போல ஆகிவிடும்.

அவருக்குக் குளத்தூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். மழையை நம்பி விதைக்கிற குடும்பம். அங்கே ஒரு கல்யாணத்துக்கு வந்த திருநெல்வேலிக் காலேஜ் பி.டி. மாஸ்டர், பந்தலில் தலை இடிக்க நின்ற பையனைப் பார்த்திருக்கிறார்.

"பந்து பிடிக்கத் தெரியுமான்னு கேட்டாவ. தொட்டதே இல்லன்னேன். பரவால்ல, ஹாஸ்டல்ல தெனம் நாலு முட்டைன்னாவ. மறுநாளே பஸ் ஏறிட்டேன்."

இரண்டரை வருஷம் ஆடினார். பல்கலைக்கழக அணி வரைக்கும் போனார். கடைசி வருஷம் ஒரு மேட்சில் எம்பிக் குதித்து இறங்கும்போது இன்னொருவன் பாதத்தின் மேல் கால் விழுந்து முழங்கால் திருகிக்கொண்டது. "முட்டி போன வாரமே முட்டையும் போச்சு சார்" என்பார். பஸ்ஸே சிரிக்கும். பந்தை நம்பிப் படிக்காமல் விட்ட பாடங்கள் அப்படியே நின்றுவிட்டதால் பட்டமும் இல்லை, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் இல்லை.

மிச்சமிருந்தது குறி ஒன்றுதான். கோயில் விலக்கில் முப்பிடாதி என்று ஒரு பூக்காரி உட்கார்ந்திருப்பாள். அவளுக்கான பூப்பொட்டலம் கோவில்பட்டியிலிருந்து எங்கள் பஸ்ஸில்தான் வரும். அங்கே பஸ் நிற்காது, வேகம் மட்டும் குறையும். அண்ணாச்சி படியில் நின்று ஒரே எறி எறிவார். பொட்டலம் அவள் கூடைக்குள் போய் உட்காரும். டிரைவர் காசி ஹாரன் அடித்துப் பாராட்டுவான். நான் பார்த்து ஒருநாளும் தப்பியதில்லை.

ஒரு புரட்டாசி மாதம் தப்பியது. பொட்டலம் பாதி தூரம்கூடப் போகாமல் பின்சக்கரத்தடியில் விழுந்தது. "டவரு அவுட்டு" என்று யாரோ சிரித்தார்கள். அவர் விசிலடித்து பஸ்ஸை நிறுத்தி இறங்கினார். நசுங்கிய பூவைப் பார்க்கவில்லை. வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். சண்டைக்கு எழுந்த முப்பிடாதி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "போனாப் போவுது அண்ணாச்சி" என்று உட்கார்ந்துவிட்டாள்.

"வெரலு இருக்கதே தெரிய மாட்டேங்குது சார்" என்றார் என்னிடம்.

நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பை நெரிக்கிறதாம். இனிமேல் குனியவே கூடாது, பஸ் வேலையை விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர்.

"விட்டுட்டு?" என்று கேட்டார் அண்ணாச்சி. டாக்டர் அதற்கு ஒன்றும் எழுதித் தரவில்லை.

இன்னும் ஒரு வருஷம் ஓட்டினார். ஓட்டினோம் என்று சொல்லவேண்டும். டிக்கெட்டை நாங்களே கிழித்துக்கொண்டோம். மூடையை நாங்களே ஏற்றினோம். முப்பிடாதிக்காகக் காசி பஸ்ஸை முழுசாக நிறுத்தினான். முதலாளி ஏறுகிற நாளில் மட்டும் அண்ணாச்சி கண்டக்டராக நடிப்பார். முதலாளி கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் காலேஜிலிருந்து வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது, பழைய விளையாட்டு வீரர்கள் கூடுகிறார்கள் என்று. "கூட வாரீயளா சார்?" என்றார். கௌரவத்துக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அன்று காலையில் பனியனோடு என் வீட்டுக்கு வந்தார். கையில் மடித்த புதுச்சட்டை.

"பட்டன் போட ஏலல சார்."

ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று போட்டுவிட்டேன். காலர் பட்டனைக் கழுத்தில் கை படாமல் போட்டேன்.

காலேஜில் குரூப் போட்டோ எடுத்தார்கள். பின்வரிசையில் அண்ணாச்சி. "பின்னால நிக்கிற உயரமான சார், நிமிந்து பாருங்க" என்றான் போட்டோகிராபர். நிமிரவில்லை. அவனே வந்து விரலால் தாடையைத் தூக்கினான். அண்ணாச்சிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

முன்வரிசை நாற்காலியில் இருந்தவர் அந்தப் பி.டி. மாஸ்டர். பார்வை மங்கிப்போன கிழவர். போட்டோ முடிந்ததும் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "நம்ம டீம்ல குளத்தூர்ப் பையன் ஒருத்தன் இருந்தானே. என்னா உயரம். அவன் வரலியா?"

அண்ணாச்சி அவருக்கு நேர் எதிரே நின்றார்.

"வரல சார்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. "தெனம் நாலு முட்டை போட்ட மனுசன் சார். அவிய கிட்ட இதையா காட்டச் சொல்லுதிய?" என்று கழுத்தைத் தொட்டார்.

மறுமாதம் கால்களும் மரத்துப்போயின. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது என்றார்கள். மூன்றாம் வாரம் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. நாலே நாளில் போய்விட்டார்.

ஐப்பசி மழை. அவர் ஊருக்குள் போகிற பாதையில் ஆம்புலன்ஸ் சக்கரம் கரிசலில் புதைந்து நின்றுவிட்டது. அதற்கப்புறம் நாங்கள்தான் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனோம். தலைமாட்டில் ஒரு பக்கம் காசி, ஒரு பக்கம் நான். ஒவ்வொரு அடிக்கும் சேறு காலைப் பிடித்து இழுத்தது. ஸ்ட்ரெச்சர் ஆடும்போதெல்லாம் அவர் தலையும் ஆடியது. நான் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்ற கையை அவர் கழுத்துக்கு அடியில் கொடுத்துக்கொண்டேன். இனிமேல் வலிக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வீடு போய்ச் சேருகிறவரை அந்தக் கையை எடுக்கவில்லை.