ரத்த வங்கி வாசலில் காவலிருந்த பெரியப்பாவுக்கு

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

வணக்கம். அத்தையைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் பெரியம்மாவும் சுகம் என்று நம்புகிறேன். நம்புவதற்கு முன் நாலு இடத்தில் விசாரிப்பது உங்கள் வழக்கம், எனக்கு அது வரவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் நான் சொல்லாமல் விட்டவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். ரத்தப் பைகள் இருக்கும் குளிர்பெட்டிக்குப் பின்னால் நீங்கள் குனிந்து, ஒயர் எங்கிருந்து வருகிறது என்று சுவர் வழியே தடவிக்கொண்டே போனபோது, 'மின்சார வாரியத்தில் திருட்டு மின்சாரம் பிடிக்கும் வேலையிலிருந்து நீங்கள் விருப்ப ஓய்வு பெற்றாகிவிட்டது பெரியப்பா' என்று நான் சொல்லவில்லை. மேஜையில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக் காலாவதித் தேதியை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தபோது, அது ரத்தம் கொடுத்தவர்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. என்னை ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்பதையும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, உங்கள் வயதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை, நர்ஸ் முன்னால், நாக்கு நுனி வரை வந்தும் சொல்லவில்லை.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன், ஏனென்றால் அப்பாவிடம் நீங்கள் போனில் சொன்ன வரிசை வேறாக இருக்கிறது. அத்தைக்கு வியாழக்கிழமை கர்ப்பப்பை ஆப்ரேஷன். ஏற்கெனவே ஒரு முறை தள்ளிப்போனது. மாதக்கணக்கில் ரத்தம் போய்ப் போய், ஒரு சட்டைக் கையைத் தைத்து முடிப்பதற்குள் இரண்டு தடவை தலையை மெஷின் மேல் சாய்த்துக்கொள்கிறார், கேட்டால் நூலைத் தேடினேன் என்கிறார். 'ரத்தம் தயாரா இல்லாம நான் கத்தியைத் தொட மாட்டேன்' என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருப்பு குறைந்துவிட்டது, புதன்கிழமைக்குள் உங்கள் குடும்பத்தில் ஒருவராவது கொடுங்கள் என்று ரத்த வங்கியில் கேட்டார்கள். கேட்டது அவ்வளவுதான். உடனே நீங்கள், 'வெளியாள் ரத்தமே வேணாம். அவன் என்ன தின்னானோ, என்ன குடிச்சானோ, யாரு கண்டா? நம்ம வீட்டு ரத்தம்தான் ஏறணும்' என்று எங்கள் எல்லோரையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறார் என்பதால் அம்மாவை மட்டும் விட்டுவிட்டீர்கள். அங்கே போனால் நர்ஸ் நிதானமாக, 'நீங்க குடுக்கறது நேரா அவங்களுக்குப் போகாது சார். பொருந்தற யாருக்காவது போகும். அவங்களுக்குப் பொருந்தறதை இங்கேருந்து நாங்க குடுப்போம்' என்றார். உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். 'அப்ப குடுக்கறது ஒண்ணு, வர்றது ஒண்ணா? சர்வீஸ்ல நான் இதுக்குத்தாம்மா கேஸ் போட்டேன்!' என்றீர்கள். அதற்கு அவர், 'கொஞ்சம் நகருங்க சார், காத்து வரட்டும்' என்றார். அதை நீங்கள் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டதுதான் எனக்குப் புரியவில்லை.

பிறகு ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போனோம். நீங்கள் திரைக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். முதலில் போனது மாமா, அத்தையின் வீட்டுக்காரர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், எதற்கும் பதறாதவர். போன வேகத்தில் திரும்பி வந்து, 'ஊசி தீர்ந்துபோச்சாம்' என்றார். 'ரத்த பேங்க்ல ஊசி தீருமா?' என்று நீங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முந்தின நாள் சாயங்காலம் மாமாவோடு உட்கார்ந்து கண்ணாடித் தம்ளரைக் கழுவிக் கழுவி ஊற்றியது யார் என்று யோசித்திருந்தால், நேற்றுக் குடித்தவரிடம் இன்று ரத்தம் எடுக்க மாட்டார்கள் என்பது உங்களுக்கே விளங்கியிருக்கும். அடுத்து அப்பா. பல் பிடுங்கி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், கன்னம் வீங்கியிருக்கிறது, அதைத்தான் சொன்னார். அதைக்கூட நீங்கள் நம்பவில்லை. 'வாயைத் திற' என்றீர்கள். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், ஆஸ்பத்திரி நடையில், அண்ணனுக்கு வாயைத் திறந்து காட்டினார். அடுத்து உங்கள் மகன், நாம் எல்லோரும் புல்டோசர் என்று கூப்பிடும் பிள்ளை. தினமும் எடை தூக்குகிறவன், அவன் ஒருவனே இரண்டு பை கொடுப்பான் என்று நீங்கள் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். அவனும் திரும்பி வந்தான். காரணத்தை அவன்தான் சொல்ல வேண்டும், நான் சொல்ல மாட்டேன். சமீபத்தில் பச்சை குத்திக்கொண்டவர்கள் சில மாதம் பொறுக்க வேண்டும் என்று சுவரில் எழுதியிருக்கிறது என்பதையும், இந்த வெயிலில் அவன் முழுக்கைச் சட்டையைக் கழற்றுவதே இல்லை என்பதையும் தனித்தனியாக எழுதி வைக்கிறேன்.

கடைசியாக நான். உள்ளே ஒரு ஸ்டூல், எடை பார்க்கும் கருவி, ஜன்னலோரம் ஒரு கட்டில். அந்த நர்ஸ் என்னிடம் கேட்ட மாதிரி இதுவரை யாரும் என்னை நேருக்கு நேராக எதையும் கேட்டதில்லை. தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா, காய்ச்சல் வந்ததா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள். 'இங்க சொல்றது வெளிய போகாது' என்றும் சொன்னார். நம் வீட்டில் யாரும் யாரையும் நேரே கேட்பதில்லை அல்லவா? என்னைப் பற்றி அப்பாவைக் கேட்பீர்கள், அப்பா அம்மாவைக் கேட்பார், அம்மா மாடிவீட்டு அக்காவைக் கேட்பார், மாடிவீட்டு அக்கா என்னிடம் வந்து, 'பசிக்குதாடி உனக்கு?' என்பார். அந்தத் திரைக்குப் பின்னால் கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது. விரலில் குத்திப் பார்த்தார். ரத்தத்தில் பன்னிரண்டரை இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எனக்குப் பத்து சொச்சம்தான். 'முதல்ல நீங்க தேறுங்க, அப்புறம் வாங்க' என்றார். அவ்வளவுதான் பெரியப்பா. வெளியே வந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்று மாலையே அம்மா என் புத்தகங்களைப் பரணில் ஏற்றிவிட்டுத் தட்டில் கீரையை மலையாகக் குவிப்பார். மாத்திரை நானே வாங்கிக்கொண்டேன். என்னைப் பற்றிய ஒரு விஷயமாவது கொஞ்ச நாள் என்னிடம் மட்டும் இருக்கட்டுமே என்று பேசாமல் வந்தேன். அதற்குள் நீங்கள் நர்ஸிடம் போய், 'அந்தப் பொண்ணுக்கு என்ன?' என்று கேட்டீர்கள். 'அவங்களையே கேளுங்க சார்.' 'அவ சொல்ல மாட்டா, அதனாலதானே உங்களைக் கேக்கறேன்!' அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாததால் எனக்குப் பெரிதாக என்னவோ இருக்கிறது என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். இப்போது அப்பா என்னைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டையைக் கனைக்கிறார், மாடிவீட்டு அக்கா நான் புளிப்பாக ஏதாவது கேட்கிறேனா என்று கவனிக்கிறார்.

இனி உங்கள் வயது. நர்ஸ் உங்களைப் பார்த்து, 'ஐயா, நீங்க குடுக்கலாமே' என்றபோது நெஞ்சை நிமிர்த்தி, 'எனக்கு அறுபத்தெட்டும்மா' என்றீர்கள். மெய்ப்புத் திருத்துவது என் வேலை. ஒரு பக்கத்தில் ஒரு வயதும் அடுத்த பக்கத்தில் இன்னொரு வயதும் இருந்தால் என் கண் தானாக நின்றுவிடும். அத்தைக்கு ஐம்பத்திரண்டு. அத்தை பிறந்தபோது நீங்கள் முதல் வகுப்பில் இருந்தீர்கள், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய் வாத்தியாரிடம் அடி வாங்கினீர்கள் என்று நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்! அப்படியானால் உங்களுக்கு ஐம்பத்தெட்டு. பத்து வயதைக் கூட்டிச் சொன்னால் எந்தப் பஞ்சாயத்திலும் முதல் நாற்காலி கிடைக்கிறது, எனக்குத் தெரியும். எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. ஆனால் அந்தச் சுவரில் பதினெட்டிலிருந்து அறுபத்தைந்து வரை என்றும், நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறையக்கூடாது என்றும்தான் எழுதியிருக்கிறது. உங்களுக்குச் சர்க்கரை இல்லை, அழுத்தம் இல்லை, மாத்திரை எதுவும் இல்லை, பல் முப்பத்திரண்டும் இருக்கிறது, எடையைப் பற்றி நான் சொல்ல வேண்டாம். மாமாவோடு உட்கார்ந்தது ஞாயிற்றுக்கிழமையோடு சரி. நன்றாகத் தூங்கி, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனால் போதும். எடுப்பது சில நிமிஷம், கொஞ்ச நேரம் படுக்கச் சொல்வார்கள், பிறகு அந்த பிஸ்கட்டை உரிமையோடு சாப்பிடலாம். யாருடைய உடம்புக்குப் போகிறதோ என்று உங்களுக்குச் சந்தேகம். அத்தைக்கு ஏறப்போவதும் அப்படி யாரோ சந்தேகப்படாமல் கொடுத்துவிட்டுப் போனதுதான். இந்த வீட்டில் கொடுக்கத் தகுதி உள்ளவர் நீங்கள் ஒருவர்தான், எப்படிப் பார்த்தாலும் எனக்கு வேறு ஆள் தெரியவில்லை. புதன்கிழமை போங்கள். வயதை மட்டும் சரியாகச் சொல்லுங்கள். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

பெரியம்மாவிடம் என் அன்பைச் சொல்லுங்கள். அன்றைக்கு எல்லோருடைய பையையும் மடியில் வைத்துக்கொண்டு பாவம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார், இந்த முறையாவது அவரை அலைக்கழிக்காதீர்கள். உங்கள் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும் என்று விரும்பும்,

உங்கள் தம்பி மகள்.

பின்குறிப்பு: இதை மூன்று தடவை திருத்தி எழுதியதில் செவ்வாய்க்கிழமை தபாலைத் தவறவிட்டேன். இன்று வெள்ளிக்கிழமை பெரியம்மா வந்து சொன்னார். நான் எழுதித் தெரிய வேண்டிய அவசியம் இல்லாமல் நீங்களே புதன்கிழமை போயிருக்கிறீர்கள். நர்ஸ் வயதைக் கேட்டதும் வாய்ப் பழக்கத்தில் அறுபத்தெட்டு என்றிருக்கிறீர்கள். உடனே சுதாரித்துக்கொண்டு ஐம்பத்தெட்டு என்றதும் அவருக்கு உங்கள் மேல் சந்தேகம் வந்து அடையாள அட்டையைக் கேட்டிருக்கிறார். யாராவது நகல் எடுத்துவிடுவார்கள் என்று அதை நீங்கள் வீட்டுப் பீரோவை விட்டு வெளியே எடுப்பதில்லை. நீங்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது நர்ஸ் பின்னால் எட்டிப் பார்த்து, 'அம்மா, உங்க அட்டை இருக்கா? நீங்க குடுப்பீங்களா?' என்று கேட்டாராம். 'குடுப்பேனே, என்னை யாரும் கேக்கலையே' என்று பெரியம்மா பையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாராம். நானும் கேட்கவில்லை. வியாழக்கிழமை காலை அத்தைக்கு ஆப்ரேஷன் நடந்தது. இரண்டு பை ரத்தம் ஏறியது. மத்தியானம் கண் விழித்தார்.