ஐந்து ‘ஏன்’களும் எங்கள் ஒரே ஆசிரியையும்

மரியாதைக்குரிய மச்சான் கோதண்டராமன் அவர்களுக்கு,

சதுரங்கப்பட்டினத்திலிருந்து தலைமையாசிரியர் ராமானுஜம் வணக்கத்துடன் எழுதுவது. என் இடுப்பைத் தவிர இங்கு யாவும் நலம். படாளத்தில் தாங்களும் தங்கச்சியும் சுகமாயிருக்க, மழைக்கு முந்தி அறுப்பு முடிய வேண்டுகிறேன்.

தங்கள் மகள் ரேணுகா என் பள்ளியிலிருந்து மாறுதல் கேட்டு மனு போட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை கலந்தாய்வு. எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. நான் ஒருவன், அவள் ஒருத்தி. அவள் போனால் அஞ்சு வகுப்பையும் நானே கட்டி மேய்க்கணும். ஆனாலும் கவலை வேண்டாம். பிரச்சினை தீர்க்கும் வித்தையெல்லாம் எனக்கு இப்போது அத்துப்படி.

போன வாரம் மாமல்லபுரத்தில் எங்களுக்குத் தலைமைப்பண்புப் பயிற்சி. ஏசி ஹால், வஞ்சிரம் வறுவல், சான்றிதழ். திரும்பினதும் ஊழியர் கூட்டம் போட்டேன். ஊழியர் வந்தாள். குழுவா பிரிஞ்சு உக்காருன்னேன். “நான் ஒருத்தி எப்படி சார் பிரியறது?”ன்னா. சரின்னு, யோசனையெல்லாம் கலர் சீட்டுல எழுதி செவுத்துல ஒட்டச் சொன்னேன். கடக்காத்துல பாதி பறந்துச்சு, மீதிய ஆடு தின்னுச்சு. அப்புறம் நம்பிக்கை விளையாட்டு. தலைவர் கண்ண மூடிக்கினு பின்னால சாயணும், குழு தாங்கிப் புடிக்கணும். நான் சாஞ்சேன். அந்த நேரம் பாத்து ரெண்டாங்கிளாஸ்ல குடுமிப்புடி சண்டை. குழு வெலக்கிவிட ஓடிட்டுது. இடுப்பு சேதி இதான் மச்சான்.

எதுக்கும் அஞ்சு வாட்டி ‘ஏன்’னு கேட்டா ஆணிவேர் கெடச்சிடும்னு சொல்லிக்குடுத்திருந்தாங்க. மறுநாள் அவ லேட்டு. ஏன்னேன். பஸ் லேட்டுன்னா. பஸ் ஏன் லேட்டுன்னேன். டிரைவரைக் கேளுங்கன்னா. ஏன் டிரைவரைக் கேக்கணும்னேன். “மாமா, புள்ளைங்க வெயில்ல நிக்குது”ன்னா. பள்ளிக்கூடத்துல எப்பவும் சார்னு கூப்புடறவ! ஏன் நிக்குதுன்னேன். “சாவி உங்க பாக்கெட்ல கீது”ன்னா. சாவி ஏன் என் பாக்கெட்ல கீதுன்னு கேட்டேன் பாருங்க, அன்னிக்கே மனு போட்டுட்டா.

உள்ளதைச் சொல்றேன் மச்சான். அவ வரலன்னா ஒண்ணாங்கிளாஸ் அழுவுது. நான் வரலன்னா குதிக்குது. அவ இல்லாட்டி எனக்குக் கையொடிஞ்சாப்பல. தகப்பன் நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா.

பெரியவர்களுக்கு நமஸ்காரம், சிறுசுகளுக்கு ஆசி, கறவை மாட்டுக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
ராமானுஜம்,
தலைமையாசிரியர் (சான்றிதழ் பெற்றவர்)

பி.கு.: கவரை ஒட்டும்போது ரேணுகாவே வந்தா. “மனுவ வாபஸ் வாங்கிட்டேன் மாமா, புள்ளைங்கள வுட்டுப் போக மனசு வரல”ன்னா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. சந்தோஷம்மான்னு சொல்லி நிறுத்தியிருக்கலாம். ‘ஏன் மனசு வரல’ன்னு கேட்டுட்டேன். மூணாவது ‘ஏன்’ வரைக்கும் பொறுமையா பதில் சொன்னா. இப்ப திரும்ப மனு குடுக்கப் பையைத் தூக்கிக்கினு பஸ் ஸ்டாப்புல நிக்கிறா. தபாலுக்கு நேரமில்ல, இதை போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்புல அனுப்புறேன். ஒடனே அவளுக்கு போன் போடுங்க. நல்லவேளை, பஸ் இன்னும் வரல. ஏன்னு நான் கேக்கமாட்டேன்.