முருகன் படத்துக்குப் பின்னால் இருந்த வால்வு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். நோட்டை எடுப்பேன், மேலே "முருகா" என்று எழுதுவேன், அத்தோடு மூடி வைத்துவிடுவேன். சாமி சம்பந்தப்பட்ட விஷயம். என் மானம் சம்பந்தப்பட்ட விஷயம். போதாததற்கு என் மகளின் மாமியாரும் சம்பந்தப்பட்ட விஷயம். இந்த மூன்றில் எதற்கு அதிகமாகப் பயப்படுவது என்று தெரியாமலே காலம் ஓடிவிட்டது. கடைசியில் மகள்தான் போனில் சொன்னாள்: "அப்பா, நீங்க எழுதலன்னா அத்தை எழுதிருவாங்க போல." உடனே உட்கார்ந்துவிட்டேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். அரியலூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் இருபது வருடமாகப் பைப்பும் குழாயும் எடுத்துக் கொடுக்கிறேன். (எடுத்துக் கொடுப்பது வேறு, மாட்டுவது வேறு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.)

எங்கள் வீடு பெரம்பலூர் போகிற சாலையின் ஓரத்தில் இருக்கிறது. ரோடு போடப் போட உயர்ந்துகொண்டே போய், எங்கள் மனை ஆளுயரப் பள்ளமாகிவிட்டது. மண் அடித்து மேடாக்காமல், தூண் எழுப்பி ரோட்டு மட்டத்துக்கு மேல் வீட்டைக் கட்டினேன். அடியில் பெரிய அறை ஒன்று மிஞ்சியது. படி இறங்கித்தான் போக வேண்டும். சொந்தக்காரர்கள் அதற்குப் பாதாளம் என்று பெயர் வைத்திருந்தார்கள். சின்ன வெங்காயமும் ஓடாத சைக்கிளும் அங்கே கிடந்தன. சுவரெல்லாம் ஓதம் ஏறிச் சுண்ணாம்பு அப்பளம் மாதிரி உப்பியிருக்கும். ஐப்பசி வந்தால் கதவு ஊறிக்கொண்டு திறக்காது. பாத்ரூமில் ஊற்றிய தண்ணீர் ஜலதாரைக்குப் போகாமல் வாசலைப் பார்த்து வரும். (வாட்டம் பார்த்தது நான்தான்.)

மகள் அபிராமியைப் பெண் பார்க்க விக்கிரமங்கலம் பக்கத்திலிருந்து வந்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வேனில் ஏறும்போது மாப்பிள்ளையின் அம்மா ராஜேஸ்வரி திரும்பிப் பார்த்து, "வூடு பள்ளத்துல இருக்கோ?" என்றார். அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை.

"சும்மா கேட்டாங்க, விடுங்களேன்" என்றாள் என் மனைவி செல்வி. என்னால் விட முடியவில்லை. அன்றைக்கே சபதம் போட்டேன்: நிச்சயதார்த்தம் மண்டபத்தில் இல்லை, அந்தப் பாதாளத்தில்தான். அதை ஹாலாக்கிக் காட்டுகிறேன் பார்.

மூன்று மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேலை. கதவை நானே இழைத்தேன். (அது இப்போது திறந்தால் மூடாது.) ஓதத்தை மறைக்க நாலு சுவருக்கும் டைல் ஒட்ட ஏற்பாடு செய்தேன். பைப் வேலைக்கு மட்டும் நசீர் பாயைக் கூப்பிட்டேன். மொட்டை மாடி டேங்குக்கு அடியில் இருந்த வால்வு துருவேறித் திரும்பாமல் இருந்ததால், பாய் கீழ் ஹால் சுவருக்குள்ளேயே புதிதாக ஒரு வால்வு போட்டார். அதைத் திறக்க, மூட, டைல் அளவுக்குச் சதுரமாக ஒரு பொந்து விட்டார்.

"அண்ணே, இதுக்கு ஒரு குட்டிக் கதவு போட்டுக்கங்க. மூடிராதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அந்த வாரம் கிருத்திகைக்குச் செட்டிகுளம் மலை ஏறினோம். அடிவாரக் கடையில் முருகன் படம் போட்ட டைல் ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து அந்தப் பொந்தில் சும்மா வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்தது போல் உட்கார்ந்தது. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிழக்குச் சுவரில், எனக்கென்று ஓர் இடத்தை விட்டு வை என்று முருகனே பாய்க்குச் சொல்லியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பசை தடவி ஒட்டினேன். செல்வி சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினாள். அன்று முதல் அது சன்னதி. வால்வு என்று ஒன்று இருந்ததே இருவருக்கும் மறந்துபோனது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அபிராமிக்கு அதற்கு முன் ஓர் இடம் கூடி வந்தது. அவர்கள் வாசலில் கால் வைத்த நேரம் காற்றில் விளக்கு அணைந்துவிட்டது. சகுனம் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அபி அழவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பிப் போனாள். அதைப் பார்த்துத்தான் நாங்கள் இருவரும் அழுதோம். இந்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது. போன் வந்தால் மாடிக்கு ஓடுவாள். இந்த முறை ஒரு சின்னக் குறை வந்துவிடக் கூடாது என்பதுதான் எங்களுடைய ஒரே வேண்டுதல்.

நிச்சய நாள் ஞாயிற்றுக்கிழமை. பத்தரைக்கு மேல் தட்டு மாற்ற வேண்டும். எட்டரை மணிக்கு எல்லாம் தயார். அறுபது பேர் சாப்பாட்டுக்கும் கை கழுவவும் இரண்டாயிரம் லிட்டர் டேங்கை விளிம்பு வரை நிரப்பியிருந்தேன். மேடைக்குப் பின்னால் பூ ஜோடித்த திரையைக் கட்ட வேண்டியதுதான் பாக்கி.

"சன்னல் கம்பியில கட்டிருங்க" என்றாள் செல்வி.

"கோணலா தெரியும். ஒரே ஒரு ஓட்டை போட்டு ஆணி அடிச்சா நேரா நிக்கும்."

"நல்ல நாளும் அதுவுமா செவுத்தக் கொடையணுமா?"

"எனக்குத் தெரியாதா பைப் எங்கிட்டு போவுதுன்னு?"

கடையிலிருந்து டிரில்லிங் மெஷின் கொண்டு வந்திருந்தேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, "முருகா" என்று சொல்லி அழுத்தினேன். டைல் போனது, சிமெண்ட் போனது, பிறகு வெண்ணெயில் இறங்குவது போல் சுலபமாக ஏதோ போனது. மெஷினை வெளியே இழுத்தேன். தண்ணீர் நேராக என் நெற்றிக்கு வந்தது. திருநீறு முழுவதும் வாய்க்குள் போய்விட்டது.

"மெயினை ஆஃப் பண்ணு!" என்று கத்தினேன். செல்வி படியேறி ஓடினாள். விளக்கும் ஃபேனும் நின்றன. அந்த இருட்டில் மேடை மேல், விரித்த கோரைப் பாய் மேல், பழத்தட்டு மேல் தண்ணீர் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கட்டை விரலை ஓட்டையில் வைத்து அழுத்தினேன். நின்றது. எடுத்தேன், மறுபடி அடித்தது. வைத்தேன். அதற்குப் பிறகு எடுக்கவே முடியவில்லை.

நசீர் பாய் பத்தே நிமிடத்தில் வந்துவிட்டார். பாதம் நனையும் தண்ணீரில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வால்வ மூடிட்டா ஒரு கப்ளிங் போட்டு அஞ்சு நிமிசத்துல முடிச்சிருவேண்ணே. வால்வு எங்கண்ணே?"

நான் முகவாயால் காட்டினேன்.

பாய் பார்த்தார். மாலை போட்டு, சந்தனம் பூசி, கையில் வேலோடு முருகன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"யா அல்லா" என்றார் பாய். "கதவு போடுங்கன்னு சொன்னேன். சாமிய வச்சுட்டீங்களே!"

"பாய், நீங்களே ஒரு தட்டு தட்டி..."

"அண்ணே, வேற என்ன வேணா சொல்லுங்க. நீங்க கும்புடுற சாமி மேல என் கை படாது. நாளைக்கு ஊரு என்ன பேசும்? என் மனசே கேக்காதுண்ணே."

அவர் சொன்னது நியாயம். மாடிக்குப் போய்த் துருப்பிடித்த வால்வைத் திருகிப் பார்த்தார். கைப்பிடி தனியாகக் கையோடு வந்தது. டேங்குக்குள் இறங்கித் துணி வைத்து அடைக்க முடியுமா என்று அபி கேட்டாள். "நிறைஞ்ச டேங்கும்மா. தலைகீழாத்தான் எறங்கணும், எறங்கினா நிச்சயம் நடக்காது, வேற காரியம்தான் நடக்கும்" என்றார் பாய்.

செல்வி சுத்தியலை எடுத்தாள். முருகன் முன்னால் நின்றாள். கீழே வைத்துவிட்டாள்.

"வெளக்கு அணைஞ்சதுக்கே அந்த எடம் போச்சு. சாமி படத்த ஒடச்சுட்டு இந்த நிச்சயத்த எப்படிங்க பண்றது?"

"நான் இப்படியே திரைக்குப் பின்னாடி நிக்கிறேன். நீங்க முன்னாடி முடிச்சிருங்க."

"தட்ட மாத்துறது யாரு? ஒத்தக் கையால வாங்குவீங்களா?"

பெண்ணைப் பெற்றவன் இரண்டு கையாலும் தட்டை வாங்க வேண்டும். என் இரண்டில் ஒன்று சுவருக்குச் சொந்தமாகிவிட்டது.

ஹாலின் சன்னல்கள் ரோட்டு மட்டத்தில் இருக்கும். அதன் வழியே போகிற வருகிற வண்டிகளின் சக்கரம்தான் தெரியும். ஒன்பதே முக்காலுக்கு ஒரு வேனின் டயர் வந்து நின்றது. கதவு திறந்தது. முதலில் இறங்கியது மெட்டி போட்ட இரண்டு கால்கள், மேலே அரக்குப் பட்டின் கரை. எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நான் என் வாழ்நாளில் அன்றைக்கு வேண்டிக்கொண்டது போல் என்றைக்கும் வேண்டிக்கொண்டதில்லை. கை கூப்பக்கூட முடியவில்லை. ஒற்றைக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "முருகா, தப்பு என்னுது, என் பொண்ணுது இல்ல" என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா படியிறங்கி வந்தார். கடைசிப் படியில் நின்றார். புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தார்.

"என்னண்ணே, செவுத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?"

"வாங்க" என்றேன்.

செல்வி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஓட்டை, வால்வு, டைல் மட்டுமில்லை. அணைந்துபோன அந்தப் பழைய விளக்கையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். அபி படியில் நின்றபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இதுக்கா அழுவுற?" என்று மாப்பிள்ளையின் அம்மா குரல் கேட்டது. கண்ணைத் திறந்தேன். "எங்க ஊரு கோயில்ல ரெண்டு வருசமா திருப்பணி நடக்குது. சாமிய உள்ள வச்சுக்கிட்டா செவுத்த இடிக்கிறாங்க? பாலாலயம் பண்ணிக் கும்பத் தண்ணிக்குச் சாமிய மாத்தி, வேற எடத்துல வச்சு பூசை பண்றாங்க. வேல முடிஞ்சதும் திரும்பக் கூப்புட்டுக்கறாங்க. ஒரு செம்பு எடுத்துட்டு வா செல்வி. அபி, மாவெலை கொண்டா."

"அதுக்கு ஐயரு வேணாமாம்மா?" என்றார் நசீர் பாய், மரியாதையாக.

"கோயிலுக்கு ஐயரு வேணும் பாய். டைலுக்கு நம்ம போதும்."

செம்பில் தண்ணீர், மஞ்சள், மாவிலை, மேலே தேங்காய். முருகன் முன்னால் அதை வைத்துச் சூடம் ஏற்றினார். "ஐயா, இந்த வூட்ல வேல கெடக்கு. கொஞ்ச நாளு செம்புல இருங்க. புள்ளைங்க நல்லா இருக்கணும்" என்று சொல்லி விழுந்து கும்பிட முடியாமல் (தண்ணீர்!) குனிந்து கும்பிட்டார். நாங்களும் கும்பிட்டோம். அபி செம்பை இரு கையாலும் ஏந்தி மாடிக்குக் கொண்டுபோனாள்.

"இப்ப இது வெறும் டைலு. அடிங்க பாய்."

"மொத அடி வூட்டுக்காரரு அடிக்கட்டும்மா" என்றார் பாய்.

"நான் எடுத்தா தண்ணி அடிக்குமே" என்றேன்.

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பட்டுப் புடவையை இழுத்துச் செருகினார். "தள்ளுங்கண்ணே" என்று என் விரலை விலக்கிவிட்டுத் தன் கட்டை விரலை ஓட்டையில் வைத்தார். மாறுகிற அந்த ஒரு நொடியில் தண்ணீர் அவர் கொண்டை வரைக்கும் நனைத்துவிட்டது. அவர் அசையவில்லை.

சுத்தியலை வாங்கினேன். கண்ணை மூடி ஓங்கி அடித்தேன்.

"அது பக்கத்து டைலுண்ணே!" என்று மூன்று பேரும் கத்தினார்கள்.

இரண்டாவது அடியைக் கண் திறந்து அடித்தேன். டைல் உடைந்து விழுந்தது. உள்ளே இருட்டில் சிவப்புக் கைப்பிடியோடு வால்வு இருந்தது. பாய் கையை விட்டுத் திருகினார். அந்த அம்மா மெதுவாக விரலை எடுத்தார். ஒரு சொட்டுகூட வரவில்லை. நான் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கப்புறம் இரண்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்து வாளியால் அள்ளினார்கள். மாப்பிள்ளைகூடப் பேண்டை மடித்துவிட்டுத் துடைப்பம் போட்டார். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஈரத் தரையில் தட்டு மாற்றினோம். திரை இல்லை, ஃபேன் இல்லை. நான் இரண்டு கையாலும் வாங்கினேன். தட்டைப் பிடித்திருந்த சம்பந்தியம்மாவின் கட்டை விரலைப் பார்த்தேன். என் விரலைப் போலவே வெளுத்துச் சுருங்கியிருந்தது. அவரும் என் விரலைப் பார்த்தார். முதலில் சிரித்தது அவர்தான்.

உடைந்த துண்டுகளைப் பயபக்தியோடு ஆற்றில் விட்டோம். ஒரு மண்டலம் செம்புக்குப் பூசை செய்து, புது டைலை எந்தப் பைப்பும் போகாத மேற்குச் சுவரில் வைத்துச் சாமியைத் திரும்ப அழைத்தோம். வால்வுக்குக் கதவு போட்டாகிவிட்டது. இன்றைக்கும் எங்கள் இரண்டு வீட்டிலும் எது ரிப்பேர் ஆனாலும், மிக்சி ஆனாலும் மோட்டார் ஆனாலும், யாராவது ஒருவர், "மொதல்ல செம்ப எடுங்க" என்பார்கள். நான் சுத்தியல் பக்கம் போனால் பேரன்கூட அலறுகிறான்.

இது எங்கள் வீட்டோடு இருந்தால் பரவாயில்லை. ஊரில் வேறு மாதிரி பேசுகிறார்கள். தண்ணீர் இடுப்பளவு என்கிறார்கள். பாதம் நனைகிற அளவு, அவ்வளவுதான். சம்பந்தியம்மா மயங்கி விழுந்தார் என்கிறார்கள். அவர் மயங்குகிற ஆள் இல்லை. நான் சாமியை உடைத்தேன் என்று ஒருவர் பஸ்ஸில் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். ஆகவே இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நான்கு பேரிடம் சொல்லுங்கள், நாற்பது பேரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், என்னை முட்டாள் என்றுகூடச் சொல்லிக்கொள்ளுங்கள். எழுதியபடியே சொல்லுங்கள். முக்கியமாக அந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்: முதலில் முருகன் செம்புக்குப் போனான். அதற்குப் பிறகுதான் நான் சுத்தியலை எடுத்தேன்.