கேஜுக்கு வைத்த பொட்டு

உலகத்தில் நான் சந்தேகப்படாத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: என் கையில் இருக்கும் அளவுகோல். பால்காரரின் லிட்டர், கண்டக்டரின் சில்லறை, டாக்டரின் பிரஷர் மெஷின் எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்ப்பேன். காக்களூர் தொழிற்பேட்டையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். (சாம்பாரில் எத்தனை முருங்கைக்காய்த் துண்டு என்பதுகூட எனக்குத் தெரிந்தாக வேண்டும்.)

ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவி வசந்தாவும் கடம்பத்தூர்ப் பக்கம் ஒரு ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தோம். சேர்ந்ததும் ஒரு கசப்பான உண்மை தெரிந்தது. நான் சுட்டால் குறி அட்டைக்குப் பின்னாலிருக்கும் மண்மேடுதான் அதிரும். அவள் சுட்டால் அட்டையில் ஓட்டை விழும். எனவே சுடுவது அவள், தோட்டா தயாரிப்பது நான் என்று கிளப்பே பிரித்துக் கொடுத்துவிட்டது.

புதுத் தோட்டா எளிதில் கிடைக்காது. வேறு கிளப்பில் சுட்டு முடித்த பித்தளை உறைகளை வாங்கி, முறையான அனுமதியோடு மறுபடி மருந்து நிரப்புவோம். அந்த வருடம் உரிமம் பெற்ற கடைக்காரரான பழவேற்காடு காஜா பாய் இருநூறு உறைகள் கொடுத்தார்.

ஒருமுறை சுட்ட உறை கொஞ்சம் நீண்டிருக்கும். பாட்டிலைப் போல அதற்குக் கழுத்தும் தோளும் உண்டு. அடியிலிருந்து தோள்வரை உள்ள நீளம் துப்பாக்கியின் அறைக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். உறை நீண்டிருந்தால் அறையை அடைக்கும் போல்ட் மூடாது. குட்டையாகிவிட்டால் சுடும்போது உள்ளேயே கிழியலாம். கிழிந்தால், பக்கத்தில் இருப்பது வசந்தாவின் முகம். எனக்குத் தூக்கம் போயிற்று.

கும்மிடிப்பூண்டியில் ஒரு லேத் பட்டறையில் பக்கத்திலேயே நின்று, இந்த நீளத்தைச் சரிபார்க்க ஒரு கேஜ் கடைந்து வாங்கினேன். துப்பாக்கி அறையைப் போலவே உட்புறம் குடைந்த இரும்புக் குழல். உறையை உள்ளே விட்டால் அதன் அடி, விளிம்போடு சமமாக நிற்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை. உறைகளையெல்லாம் அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன். ஆனால் புதுக் கேஜ் ஆயிற்றே! ஆயுத பூஜையில் அதையும் வைத்துக் கும்பிட்டு, விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் சோதனையைத் தொடங்குவதாக முடிவு செய்தேன். அதற்கு மறுநாள் வசந்தாவின் முதல் போட்டி. ஊத்துக்கோட்டையிலிருந்து அவள் தங்கை ஒரு ஷேர் ஆட்டோ நிறைய ஆட்களோடு வருவதாக இருந்தாள்.

விஜயதசமி காலை கிளப் அறையில் முதல் உறையை விட்டேன். நகக்கண் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவதும் அப்படியே. இருநூறும் அப்படியே! போட்டியை நிறுத்தச் சொல்லிக் கிளப் செயலாளருக்குப் போன் செய்தேன். அடுத்த போன் பாய்க்கு.

"ஒண்ணு கூடவா சார் தேறல?"

"ஒன்றுகூட இல்லை!" என்றேன், ஏதோ பரிசு வாங்கியவன் போல.

பாய் பைக்கில் வந்து இறங்கினார். "இன்னா சார் பேஜாரு? நாஷ்டா கூட துன்னாம ஓடியாறேன்." பையிலிருந்து ஒரு டப்பாவைப் பிரித்து ஒரு தோட்டாவை எடுத்தார். "இது கம்பெனி தோட்டா. புச்சு. இத்த வுட்டுப் பாருங்க."

விட்டேன். அதுவும் நீட்டிக்கொண்டு நின்றது.

"கம்பெனிக்காரனும் ஏமாத்திட்டானா சார்?" என்றார் பாய், மிகவும் மரியாதையாக.

கூட வந்திருந்த வசந்தா கேஜை வாங்கி வெளிச்சத்தில் தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். குறி பார்க்கிற கண். "இன்னாங்க, உள்ள மஞ்சளா இன்னாமோ ஒட்டிக்கினு கீது?"

சந்தனம்! ஆயுத பூஜை அன்று பக்தி முற்றி, கேஜின் வாயிலேயே நான் தாராளமாக வைத்த பொட்டு. அது வழிந்து உள்ளே இறங்கி, தோள் உட்காரும் இடத்தில் காய்ந்து கெட்டியாகியிருந்தது. (எல்லா உருப்படியும் ஒரே மாதிரி தேறவில்லையென்றால் முதலில் கேஜைப் பார் என்று ஒரு தலைமுறைக்கே வகுப்பெடுத்தவன் நான்.)

"சாமி மேல தப்பில்ல சார்," என்றார் பாய். "அது இன்னா பண்ணும்? நீங்க வெச்ச எடத்துல நின்னுச்சு."

வேப்பங்குச்சியில் துணி சுற்றித் துடைத்தேன். முதலில் பாயின் புதுத் தோட்டா, பிறகு உறைகள். நூற்றுத் தொண்ணூற்றேழு தேறின. மூன்று மட்டும் நிஜமாகவே நீளம். "பார்த்தீர்களா, மூன்று!" என்று கத்தினேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. போட்டியை நடத்தலாம் என்று செயலாளருக்கு மறுபடி போன் செய்தபோது அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தேறியவற்றில் அன்றே மருந்து நிரப்பினேன். மறுநாள் ஒவ்வொரு முறை அவள் போல்ட்டை மூடும்போதும் நான் கண்ணை மூடினேன். ஒரு தோட்டாவும் மானத்தை வாங்கவில்லை. வசந்தா இரண்டாவதாக வந்தாள். ஊத்துக்கோட்டை ஷேர் ஆட்டோ போட்ட விசிலில் நடுவரே காதைப் பொத்திக்கொண்டார்.

இப்போதும் ஆயுத பூஜை வந்தால் மிக்ஸி, கிரைண்டர், பைக், துப்பாக்கிப் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. கேஜ் மட்டும் பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக உட்கார்ந்து தரிசனம் தரும். அதன் பங்குச் சந்தனத்தை வசந்தா என் நெற்றியில் அப்புவாள்.

"இந்த மண்டைக்குள்ள எறங்கினா பரவால்ல," என்பாள் தங்கையிடம். "இது எப்பவுமே தப்பாத்தான் காட்டும்."