கரடி குளிரவைத்த கணினி

ஒரு காட்டில், ஆற்றங்கரை வளை ஒன்றில், செங்கமலம் என்ற முள்ளம்பன்றி இரண்டு குட்டிகளோடு குடியிருந்தாள். இதைச் சொன்னது ஓர் ஆமை. அதனிடம் இந்தக் கதையைக் கேட்டவனுக்கு, அதை நம்பலாமா என்று பல வருடங்களாகவே சந்தேகம்தான்.

அன்று மலைமேல் வானம் கருத்துக் கிடந்தது. வெள்ளம் வந்தால் செங்கமலத்தின் குட்டிகள் போய்விடும். வராத வெள்ளத்துக்குப் பயந்து கிளம்பினாலோ வளை போய்விடும். வெள்ள அறிவிப்புக்கு முன் காலி செய்த வளை அடுத்து நுழைபவருக்குச் சொந்தம் என்பது காட்டுப் பஞ்சாயத்தின் விதி. நுழைவதற்கு நரி காலையிலிருந்தே வாசலில் பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அறிவிக்க வேண்டியவர் கரடி மாசிலாமணி. குகையில் தானே பாகம் பாகமாகப் பூட்டிய கணினியில் வெள்ளக் கணக்குப் போடுவார். அது பாதிக் கணக்கிலேயே சூடேறி அணைந்துவிடும். யானை காதால் விசிறிப் பார்த்தது. உள்ளே தூசிதான் போனது. எருமையோ, தான் படுக்கும் சேற்றிலேயே அதையும் படுக்கவைக்கலாம் என்றது. சூடு என்றால் அவரவர் உடம்புச் சூடுதான் அங்கே எல்லோருக்கும் தெரியும். கடைசியில் கரடி இணையத்தில் படித்த வழிக்கு வந்தார். எண்ணெயில் மின்சாரம் பாயாது என்று சொல்லி, கணினியின் உட்பாகங்களைப் புங்க எண்ணெய்த் தொட்டியில் முக்கினார். தொட்டியை ஆற்றோரம் இறக்கி, திரையை மட்டும் பாறைமேல் வைத்தார்.

கணக்கு ஓடியது. காடே ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, திரையில் தெரிந்த சூட்டின் அளவையே பார்த்தது. அது மளமளவென்று இறங்கியது. மாசிலாமணிக்குத் தலைகால் புரியவில்லை.

செங்கமலம் ஓடிவந்தாள். "அண்ணே, தண்ணி வளை வாசலுக்கு வந்திருச்சு."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். ஆறு தானா ஏறி வந்து குளிரவைக்குது. யாருக்குக் கிடைக்கும் இந்தக் கொடுப்பினை? இன்னும் ஒரு சாண் ஏறினா கணக்கு முடிஞ்சிரும்."

அவள் திரும்பிப் போனாள். குட்டிகளின் முட்கள் நனைந்திருந்ததைக் கண்டதும், இரண்டையும் இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறிவிட்டாள். நரி அதைப் பார்த்து வைத்துக்கொண்டது.

தண்ணீர் யானையின் வயிற்றைத் தொட்டபோது திரையில் எழுத்து வந்தது: வெள்ளம் வரும். முதன்முதலாக ஒரு கணக்கு முடிந்த ஆரவாரத்தில், தொட்டி மிதந்து போனதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

வெள்ளம் வடிந்ததும் பஞ்சாயத்து கூடியது. சொன்னது அப்படியே பலித்ததற்காகக் கரடிக்கு மாலை போட்டார்கள். அறிவிப்புக்கு முன்பே கிளம்பியதற்காகச் செங்கமலத்தின் வளையை நரிக்குக் கொடுத்தார்கள். தண்ணீரைக் கண்ணால் பார்த்தேன் என்றாள் அவள். பார்த்ததெல்லாம் கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டார்கள்.

தானும் அன்று அந்தப் பாறையில்தான் இருந்ததாக ஆமை ஒவ்வொரு முறையும் பெருமையாகச் சொல்லும். கதை கேட்டவன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டான்: "பிறந்ததிலிருந்து ஆற்றிலேயே கிடக்கிற நீயுமா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்?"

நீதி: வெள்ளம் வருமா என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமானால், முதலில் போதுமான அளவு வெள்ளம் வர வேண்டும்.