முந்தின நாள் நோயாளி

நோயாளிகளில் எத்தனையோ ரகம் உண்டு. அவர்களில் முந்தின நாள் நோயாளி என்பது தனி ரகம். நம் கிடங்கு மேற்பார்வையாளர் அதில் முதல் தரம்.

அவருடைய இதயம் பலவீனமாகிவிட்டது. ரத்தத்தை முன்போலத் தள்ள மாட்டேன் என்கிறது. துடிப்பைக் குறைத்தால் அதன் பாரம் குறையும் என்று டாக்டரம்மா தினம் இரண்டு வேளை மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அதை நம்மவர் எப்போது சாப்பிடுவார்? ஆய்வு அதிகாரி வருவதற்கு முந்தின நாள் மட்டும் கிடங்கைப் பெருக்கியே முப்பது வருஷம் நல்ல பெயர் வாங்கியவர், வேறு எப்போது சாப்பிடுவார்?

மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தின நாள் வந்ததும் மனிதர் ஆளே மாறிவிடுவார். மாத்திரை வேளை தவறாது, உப்பு டப்பா அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறிவிடும், சட்டைப் பொத்தானைக்கூட மனைவிதான் போட்டுவிட வேண்டும். காத்திருக்கும் பெஞ்சில் கண்ணை மூடிச் சிலையாகிவிடுவார்.

"ஏங்க, கால் வீங்கியிருக்கே, அதையும் டாக்டர்கிட்ட..."

"உஷ்! பேசாதே. துடிப்பு ஏறிடும்."

அந்தம்மாள் மடியிலிருந்த பையை இறுகப் பிடித்துக்கொண்டார். போன வாரம் நாலு படி ஏறுவதற்குள் இவருக்கு மூச்சு வாங்கியதை அவர் மறக்கவில்லை.

உள்ளே போனதும் விரலில் மாட்டிய கருவி துடிப்பு அறுபத்திரண்டு என்று காட்டியது. நம்மவர் முகத்தில் அப்படியொரு பெருமை!

"பிரமாதம். மாத்திரை நல்லா வேலை செய்யுது" என்றார் டாக்டரம்மா.

நர்ஸ்தான் காரியத்தைக் கெடுத்தார். "எடை பார்க்கணும் சார், சாக்ஸைக் கழட்டுங்க."

முழங்கால் வரை இழுத்துவிட்ட சாக்ஸ் இறங்கியது. டாக்டரம்மா கணுக்காலில் விரலை அழுத்தினார். விழுந்த குழி விழுந்தபடியே இருந்தது.

"தினமும் சாப்பிடறீங்களா?"

"தவறாம, டாக்டர்!"

மனைவி பையைத் திறந்து மாத்திரை அட்டைகளை மேஜையில் வைத்தார். இந்த மாதத்து அறுபதில் ஐம்பத்தேழு பத்திரமாக இருந்தன. விரலில் இருந்த கருவி மளமளவென்று தொண்ணூற்றெட்டுக்கு ஏறியது. அதுவும் அவரைக் காட்டிக்கொடுக்க வெட்கப்படவில்லை.

"மாத்திரை எனக்கில்லை சார், உங்களுக்கு" என்றார் டாக்டரம்மா.

இப்போது அந்த வீட்டில் தினம் இரண்டு வேளை ஆய்வு நடக்கிறது. அதிகாரியம்மாள் தண்ணீர் டம்ளரோடு வந்து, விழுங்கும் வரை நிற்கிறார். நம்மவருக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, படி ஏறுகிறார், பொத்தானையும் தானே போட்டுக்கொள்கிறார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போகட்டும், பல் டாக்டரைப் பார்க்கப் போன அன்று காலையில் மட்டும் பத்து நிமிஷம் பல் தேய்த்தது யார்?