மஞ்ச நூல் கட்டி வீல் அலைன்மென்ட்

இன்னைக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். என் காரோட முன் சக்கரத்துக்கு அலைன்மென்ட் பாக்கணும்.

பழைய கார். ஸ்டீரிங்க லேசா விட்டா போதும், இடது பக்கமா நழுவி ஏதாவது டீக்கடை வாசலுக்குப் போயிடும். நேத்து என் வீட்டுக்காரர் கறாரா சொல்லிட்டார்.

"நாளைக்கு சாயங்காலம் தாம்பரத்துலேருந்து பெருங்களத்தூர் வரைக்கும் ஓட்டிக் காட்டு. நேரா போச்சுன்னா வண்டிய வெச்சுக்கோ. இழுத்துச்சுன்னா எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துடுவேன்!"

நான் ஓட்டக் கத்துக்கிட்ட கார்ங்க அது! எனக்கு அழுகையே வந்துடுச்சு.

கடைக்குப் போயிருக்கலாம். ஆனா நான்தான் வீடியோ பாத்தவளாச்சே! கார் ரெண்டு பக்கமும் நூல் கட்டணுமாம். நூலுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இடைவெளிய அளக்கணுமாம். அப்புறம் சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கற டை ராடை ரெண்டு பக்கமும் சரிசமமா திருகணுமாம். அவ்ளோதான்!

வீடு பூரா தேடினா, கிடைச்சது பூஜை ரூம் மஞ்ச நூல்கண்டுதான். நாலு பிளாஸ்டிக் சேர் போட்டு அதையே இழுத்துக் கட்டினேன். ஸ்பேனரை எடுத்துக்கிட்டு காருக்கு இடது பக்கமா கீழ பூந்தேன்.

வெளிய கொலுசுச் சத்தம். பக்கத்து வீட்டு சரோஜாக்கா.

"இன்னாம்மா, வண்டிக்குப் பூஜையா? சொல்லவே இல்ல!"

"பூஜை இல்லக்கா, அலைன்மென்ட்!"

"இன்னாவோ ஒண்ணு. நல்லது பண்றப்போ வெறுங்கையோட நிக்கலாமா?"

ஓடிப்போய் குங்குமம், எலுமிச்சம்பழம், கற்பூரம்னு தட்டோட வந்துட்டாங்க.

"அக்கா, நூலைத் தொட்டுடாதீங்க!"ன்னு கீழேருந்து கத்தினேன்.

"ஐய, பயப்படாதம்மா. குளிச்சுட்டுத்தான் வந்துகீறேன்!"

இடது பக்கம் முடிச்சுட்டு வலது பக்கம் போனா, சக்கரத்துக்கு முன்னாடி பெரிய கோலம். கோலத்து நடுவுல அகல் விளக்கு. படுக்க இடமே இல்ல.

"விளக்கை கொஞ்சம் நகத்தட்டுமாக்கா?"ன்னேன். அவங்க பாத்த பார்வையில இடது பக்கமே திரும்பி வந்துட்டேன். வலது பக்கத்துக்கும் சேத்து இடது பக்கத்துலயே திருகித் தொலைச்சேன்! அளந்து பாத்தா கணக்கு என்னவோ சரியாத்தான் வந்துச்சு.

சாயங்காலம் அவரை ஏத்திக்கிட்டு ஜிஎஸ்டி ரோட்டுல கிளம்பினேன். அட, இடது பக்கம் இம்மி கூட இழுக்கலையே! நூல் புடிச்ச மாதிரி போகுது! எனக்கு சந்தோஷம் தாங்கல.

"பரவாயில்லையே!"ன்னு என் பக்கம் திரும்பினவர், ஸ்டீரிங்கைப் பாத்ததும் அலறிட்டார்.

"ஏய்! எதுக்கு வலது பக்கம் திருப்பற? லாரி வருது!"

"திருப்பலைங்க. எல்லாத்தையும் ஒரே பக்கம் திருகிட்டேன்ல, இனிமே நேரா போகணும்னா இதை இப்படிக் கோணலாத்தான் புடிக்கணும்."

கதவுக்கு மேல இருந்த கைப்பிடிய ரெண்டு கையாலயும் புடிச்சவர்தான், அப்புறம் விடவே இல்ல. பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப் வந்ததும் நிறுத்தச் சொல்லி இறங்கினார். சட்டையை சரி பண்ணிக்கிட்டார்.

"சொன்னா சொன்னதுதான். வண்டிய நீயே வெச்சுக்கோ. நான் பஸ்ல வந்துடறேன்."